ஆர்விக் வளைவில் ஏறுகிறவர்

"திரு. ஐயாவு த/பெ இராமையா, கிள்ளான்–கோலா சிலாங்கூர் தடத்தின் நடத்துநர். பேச்சைக் குறைத்துப் பணியைப் பெருக்கியவர். கற்பனைக்கு இடங்கொடாத நேர்மையாளர். தமக்கென்று ஒதுக்கப்பட்ட இருக்கையையும் நாடாது, பயணிகளின் நலன் கருதி, ஆண்டாண்டுக் காலமாக நின்றுகொண்டே சேவையாற்றிவரும் உத்தமர்."

1986-இல், கிள்ளானில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்த பஸ் கம்பெனியின் ஆண்டு விருந்தில் இப்படி வாசித்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைத் தமிழில் பெயர்த்து வாசித்தபடியால், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று ஐயாவுக்கே பிடிபட நேரமாயிற்று. அவர் பெயர் சரி, அப்பா பெயர் சரி, தடமும் சரி. 'பேச்சைக் குறைத்து' என்ற இடத்தில் அவர் மனைவி இராஜம்மாவுக்குக் கோழி எலும்பு தொண்டையில் மாட்டப் பார்த்தது. 'கற்பனைக்கு இடங்கொடாத' என்ற இடத்தில் டிரைவர் ஹம்சா குனிந்து மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

ஐயாவு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: உட்கார வேண்டும். ஜெராமுக்கும் கோலா சிலாங்கூருக்கும் இடையில் இருக்கும் ஆர்விக் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பால்மரம் சீவப் போனார்; மரத்துக்கு மரம் நடக்க வேண்டியிருந்தது. ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்தார். பெரிய கிராணி என்ற தலைமை எழுத்தர் உட்கார்ந்திருப்பதற்காக இவர் ஓட வேண்டியிருந்தது. கடைசியில் பஸ்ஸுக்குப் போனார். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்து போகிறவர்கள் என்று லயத்து வாசலில் நின்று பார்த்த காலத்தில் நினைத்திருந்தார். கண்டக்டர் என்பவர் பஸ்ஸில் போகிறவர்களோடு சேர்த்தியில்லை என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

கம்பெனி விதி தெளிவானது. ஒரே ஒரு பயணி நின்றுகொண்டு வந்தாலும் கண்டக்டர் உட்காரக் கூடாது. அந்தத் தடத்தில் ஒரு பயணியாவது நிற்காமல் பஸ் போனதாகச் சரித்திரம் இல்லை.

சில வருஷங்களில் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் காலைப் புரட்டிப் பார்த்தார்.

"நிக்கிறதக் கொறைங்க."

"நான் கண்டக்டருங்க."

"அப்ப ஒத்தக் கால்ல நில்லுங்க. ஒண்ணு நிக்கும்போது இன்னொண்ணு ரெஸ்ட் எடுக்கட்டும்."

"கொக்கு மாதிரிங்களா?"

"கொக்குக்கு இந்த நோவு வந்து நான் பார்த்ததில்ல."

அன்றிலிருந்து ஐயாவு யோசிக்கத் தொடங்கினார். யாருமே உட்கார விரும்பாத ஒரு சீட்டு இருந்தால், அதில் அவர் உட்கார்வது யாருடைய இடத்தையும் பிடித்ததாகாது. கம்பெனி விதியும் கோபிக்காது. டிரைவருக்குப் பின்னால், இருவர் அமரும் ஒரு சீட்டு அவர் கண்ணில் பட்டது. அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு வைத்தார். ஜெராமில் ஏறிய மலாய்க்கார அம்மா மாக் லிஜா சாக்கைத் தள்ளிவிட்டுக் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்துகொண்டார். சீட்டில் ஸ்பிரிங் குத்துகிறது என்று ஐயாவு சொல்லிப் பார்த்தார். "குத்தட்டும் லா, நின்னா காலு குத்துது" என்றார்கள் பயணிகள், எதற்கும் ஒரு 'லா' ஒட்டும் அந்த ஊர்ப் பேச்சில். மனுஷர்களிடம் சொல்லி மனுஷர்களை எழுப்ப முடியாது என்று ஐயாவுக்குப் புரிந்தது.

1980-ஆம் வருஷம், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், அவர் காளியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். காளியம்மா ஆர்விக் தோட்டத்திலிருந்து தினமும் வாழை இலையும் கீரையும் கட்டிக்கொண்டு கோலா சிலாங்கூர் பசாருக்குப் போகிறவர். தோட்டத்தில் தந்தி ஆபீஸ் கிடையாது. தேவையும் இருக்கவில்லை.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நம்ம வளைவுல, பழைய ரப்பர் புகைவீட்டுக்கு எதிர்ல, ஒருத்தர் பஸ்ஸுல ஏறுறாரு."

"ஏறட்டும். டிக்கெட்டக் கிழி."

"வாசக் கதவு மூடியிருக்கும்போது ஏறுறாருக்கா."

காளியம்மா இலைக்கட்டைக் கீழே வைத்தார். "எப்படி இருக்காரு?"

"வெள்ள வேட்டி. தோள்ல துண்டு. கையில கொடை. இந்த சீட்டுல உக்கார்ந்து, கோலா சிலாங்கூர் மலை அடிவாரத்துல எறங்கிக்கிறாரு."

"செத்தவருக்குக் கொடை எதுக்குடா?"

"மழைக்காலம் லா, அக்கா."

ஐயாவின் தவறு இங்கேதான் நடந்தது. அவர் ஒரு கெட்ட பேயைச் சொல்லியிருக்கலாம். தலைவிரி கோலம், கோரைப்பல் என்று நாலு விஷயம் சேர்த்திருந்தால், வேப்பிலை அடித்து விரட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். குடையும் துண்டுமாக மரியாதையான ஒருவரைச் சொல்லிவிட்டார். மரியாதைப்பட்டவரை எப்படி விரட்டுவது?

மறுநாளே அந்தச் சீட்டு காலியாகிவிட்டது. நின்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்களே தவிர, அதன் கம்பியைக்கூடத் தொடவில்லை. ஐயாவு ஒரு நாள் பொறுத்தார். இரண்டாம் நாளும் பொறுத்தார். அடுத்த நாள், ஜெராம் தாண்டி ஆர்விக் தோட்டத்து ஆட்கள் ஏறியதும், டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைக்க ஆயத்தமாகி, மெல்ல முழங்காலை மடக்கினார்.

பஸ்ஸே எழுந்து நின்றது. அதாவது, உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள்.

"டேய் ஐயாவு," என்றார் காளியம்மா, "யாரு மடியில உக்காரப் போற?"

"அவரு இன்னும் ஏறலயேக்கா. வளைவு வரல."

"அடுத்தவன் சூடு பட்ட சீட்டுல பெரியவரு உக்காருவாரா? போன வாரம் வரைக்கும் தெரியாம பண்ணோம். இனிமே தெரிஞ்சு பண்ணுவோமா?"

ஐயாவு முழங்காலை நிமிர்த்திக்கொண்டார். உட்கார்வதற்காக ஒரு பேயை உண்டாக்கிய மனிதர், அந்தப் பேயின் சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கத் தொடங்கியது அப்படித்தான்.

பேய் என்று வந்துவிட்டால் அதற்கு ஊர் பேர் வேண்டும். ஐயாவு அதை யோசித்து வைக்கவில்லை. கவலையில்லை, பயணிகள் யோசித்தார்கள். அவர் தோட்டத்தின் முதல் மண்டோர், ஆட்களை வேலை வாங்கிய மேஸ்திரி என்று காளியம்மா கண்டுபிடித்தார். காட்டை அழித்த காலத்தில் புலி கொண்டுபோனதாம். கோலா சிலாங்கூருக்கு ஏன் போகிறார்? புலி மேல் பிராது கொடுக்கத்தான். கொடுக்காமல் விடுகிற பரம்பரையில்லை அது. மாக் லிஜா இதை ஒப்பவில்லை. அவர் ஒரு பங்லிமா, டச்சுக்காரனோடு மெலாவத்தி மலையில் சண்டை போட்ட தளபதி; மலையிலிருக்கும் பீரங்கியைத் துடைத்து வைக்கப் போகிறார் என்றார். "வேட்டியா அது? கைலி. இந்த ஐயாவுக்குக் கண்ணு சரியில்ல." சீன இறால் வியாபாரி ஆ சோங் இருவரையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அது அவருடைய பெரியப்பா. ஜப்பான்காரன் காலத்தில் சதுப்புக் காட்டுக்குள் ஒளியப் போனவர். யுத்தம் முடிந்துவிட்டதா என்று டவுனில் விசாரித்துவர இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார். முடிந்துவிட்டதென்று யாராவது சொன்னால் போவதை நிறுத்திவிடுவார்.

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?" என்றார் காளியம்மா.

"சொன்னா அப்புறம் வரமாட்டார் லா," என்றார் ஆ சோங் வருத்தமாக.

மூவரும் ஐயாவிடம்தான் தீர்ப்புக்கு வந்தார்கள். கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. என்ன பாஷை பேசுகிறார் என்று மாக் லிஜா நேரடியாகக் கேட்டார்.

"பேசமாட்டாரு," என்றார் ஐயாவு. "தலைய மட்டும் ஆட்டுவாரு."

அவர் வாழ்நாளில் சொன்ன மிகச் சுருக்கமான பதில் அதுதான். அதனால் ஒரு பஸ் கலவரம் தவிர்க்கப்பட்டது.

காணிக்கைகள் வர ஆரம்பித்தன. மண்டோருக்காக யாரோ சீட்டுக்கடியில் கள்ளுப் போத்தலை வைத்தார்கள். பங்லிமாவுக்கு ஆகாது என்று மாக் லிஜா அதை எடுத்து வெளியே வைத்தார். அது மாயமானதில் ஹம்சாவுக்குச் சம்பந்தமில்லை என்று ஹம்சாவே சொன்னார். ஆ சோங் மாண்டரின் ஆரஞ்சு வைத்தார். பன்றி இறைச்சி வாங்கி வருகிறவர்கள் பின்சீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு நடைமுறை தானாகவே வந்தது. கடைசியில் சமரசம் சுருட்டில் ஏற்பட்டது. பெரியவர் யாராக இருந்தாலும் சுருட்டுப் பிடிப்பார் என்பதில் மூன்று இனத்துக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. வளைவு வரும்போது ஹம்சா மூன்று தடவை ஹாரன் அடித்து, பஸ்ஸை ஊர்ந்து போகவிட்டு, கண்ணாடியில் பார்த்துக் கேட்பார்:

"ஏறிட்டாரா லா?"

"ஏறிட்டாரு. போ."

ஒரு நாள் மத்தியானம் கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் வண்டி காலியாக நின்றது. ஹம்சா தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மலைக்குரங்கு ஒன்று மட்டும் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. ஊரில் குரங்குக்குக்கூட உட்கார இடமிருந்தது. ஐயாவு சுற்றுமுற்றும் பார்த்தார். கால் விண்விண்ணென்று தெறித்தது. இது பொய் என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். சீட்டின் கம்பியைப் பிடித்தார். குனிந்தார். ரெக்ஸின் நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. யாரும் உட்காராத சீட்டில் பள்ளம் எப்படி வந்தது? பழைய பள்ளமாக இருக்கலாம். மாக் லிஜாவின் கூடை இருந்த இடமாகவும் இருக்கலாம். ஐயாவு பாதி மடக்கிய காலோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "மன்னிச்சுக்குங்க," என்று சொல்லி நிமிர்ந்துவிட்டார்.

"பொய்யச் சொன்னவரு நீங்க," என்றார் இராஜம்மா, ராத்திரிக் கஞ்சி ஊற்றும்போது. "உங்களுக்கே பயமா?"

"நான் சொன்னது ஒருத்தர. இப்ப மூணு பேரா ஆயிட்டாங்க. மத்த ரெண்டு பேரையும் நான் சொல்லலியே."

அதுவும் நியாயம்தான்.

இப்படியே ஆறு வருஷம் ஓடிற்று. டிக்கெட் செக்கராகக் குமாரசிங்கம் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்தார், அப்பா ரயில்வே கிராணியாக இருந்தவர். மெலாவத்தி மலைக் கோட்டையின் சரித்திரத்தைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர். பேய் பிசாசுகளுக்கு எதிராகவும் அவ்வப்போது எழுதுவார். ஒரு புழுக்கமான காலையில், காளியம்மாவுக்குப் பின்னால், ஆர்விக் தோட்டத்தில் ஏறினார். வழி நெடுக ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்க, டிரைவருக்குப் பின்னால் இருவர் சீட்டு ஒரு சுருட்டோடு காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

"இதென்ன காணும்? சனம் நிண்டுகொண்டு வருகுது, சீட் சும்மா கிடக்குது?"

ஐயாவு டிக்கெட் பையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். வேலை போனால் உட்காரலாம் என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டில், கஞ்சி இல்லாமல். "அது வந்து, சார்..."

"ஆளு இருக்குங்கய்யா," என்றார் காளியம்மா.

"எங்க ஆள்?"

"வளைவுல ஏறுவாரு."

"இன்னும் ஏறாத ஆளுக்குச் சீட்டோ?"

"புக்கிங்," என்றார் பின்னாலிருந்து ஆ சோங்.

குமாரசிங்கத்துக்கு விஷயம் புரிய வைக்கப்பட்டது. மூன்று பேர் மூன்று விதமாகப் புரிய வைத்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்தார். பங்லிமா இருநூறு வருஷத்துக்கு முந்தியவர், மண்டோர் போன தலைமுறைக்கு முந்தியவர், பெரியப்பா யுத்த காலத்தவர்; ஒரே ஆள் எப்படி மூன்று காலத்திலும் சாக முடியும்?

"ஏங்கய்யா, ஒரு பஸ்ஸுல ஒருத்தர்தான் ஏறணுமா?" என்றார் காளியம்மா.

"அப்ப மூண்டு பேரும் டிக்கெட் எடுத்தவையோ?" என்று கேட்டுவிட்டு அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயாவு கூரையைப் பார்த்தார். "சரி. இந்தா, நான் இருக்கிறன். வந்து எழுப்பட்டும் பாப்பம்."

சுருட்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, சீட்டின் நட்ட நடுவில் உட்கார்ந்தார். ஐயாவின் மனத்தில் பயத்தைவிடப் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தில் அந்தச் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறார். எவ்வளவு சுகமாக இருக்கிறது.

வளைவு வந்தது. ஹம்சா வழக்கம்போல் ஹாரனை அழுத்தினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது ஹாரன் நிற்கவில்லை.

அது பாட்டுக்கு அலறிக்கொண்டே இருந்தது. ஹம்சா ஸ்டீயரிங்கைக் குத்தினார், தட்டினார், கெஞ்சினார். புகைவீட்டுப் பக்கம் மேய்ந்த மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. மாக் லிஜா ஓத ஆரம்பித்தார். காளியம்மா கைகளைக் கட்டிக்கொண்டு செக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஹாரன் கம்பி போன மாதத்திலிருந்தே அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது என்பது ஐயாவுக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் சொல்லியும் ஆயிற்று. தெரிந்தும் அவர் அந்தச் சீட்டைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

குமாரசிங்கம், என்ன கோளாறு என்று பார்க்கிறவரைப் போல, நிதானமாக எழுந்தார்.

ஹாரன் நின்றது.

"எலெக்ட்ரிகல் ஃபோல்ட்," என்றார் அவர்.

"ஆமாங்கய்யா," என்றார் காளியம்மா. "உக்காருங்க."

"வேண்டாம். எனக்கு நிண்டு பழக்கம்." சுருட்டை எடுத்து, இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்தார். கோலா சிலாங்கூர் வரை நின்றுகொண்டே வந்தார்.

அன்றிரவு அவருக்கு ஒரு தர்மசங்கடம். காலிச் சீட்டைப் பற்றி அறிக்கை எழுதியாக வேண்டும். பேய் என்று எழுதினால் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களெல்லாம் எழுந்து வந்து சிரிக்கும். கண்டக்டரின் புளுகு என்று எழுதினால், ஏன் எழுந்தீர் என்று நாற்பது சாட்சிகள் கேட்கும். படித்தவர் ஆகையால் மூன்றாவது ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தச் சீட்டு கண்டக்டருக்காக ஒதுக்கப்பட்டது. அவரோ கடமையுணர்ச்சியால் அதில் அமர மறுக்கிறார். இப்படி எழுதியதும் அவருக்கே அது உண்மை போலத் தோன்றிவிட்டது. சிறப்பு விருதுக்கும் பரிந்துரை செய்துவிட்டுப் படுத்தார். நன்றாகத் தூங்கினார்.

ஆக, ஐயாவு நாடிய சீட்டு கம்பெனிக் காகிதத்தின்படி அவருடையதாகிவிட்டது. அதில் உட்கார்வதில்லை என்பதற்காகவே அவருக்கு விருதும் கிடைத்தது. விருந்து மேடையில் அதிகாரிகளுக்கெல்லாம் நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்கு மட்டும், மரியாதையின் நிமித்தம், போடவில்லை. முதலாளி பேசினார், முதலாளியின் தம்பி பேசினார், யூனியன்காரர் பேசினார். ஐயாவு சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில், நின்றார்.

மறுநாள் கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. லீவு போடச் சொன்னார் இராஜம்மா. "நேத்துதான் உத்தமர்னு சொன்னாங்க, இன்னைக்கு எம்சி போட்டா நல்லாவா இருக்கும்?" என்று கிளம்பிவிட்டார். முதல் வண்டியிலேயே கூட்டம் பிதுங்கியது. ஜெராமில் இன்னும் ஏறியது. ஆறு வருஷமும் அதற்கு முன்னும் அவர் ஓயாமல் கத்திவந்ததையே அன்றும் கத்தினார்.

"உள்ள போங்க. உள்ள போங்க. அண்ணே, கொஞ்சம் ஓரமா தள்ளி உக்காருங்க, அம்மா உக்காரட்டும். தள்ளுங்க, ரெண்டு பேரு சீட்டு லா அது..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மெல்லத் திரும்பி, டிரைவருக்குப் பின்னாலிருந்த அந்தச் சீட்டைப் பார்த்தார். ஊரிலுள்ள ஒவ்வொருவரிடமும் தினமும் சொல்கிற ஒன்றை, ஒரே ஒருவரிடம் மட்டும் அவர் சொன்னதேயில்லை.

வளைவு வந்தது. ஹம்சா ஹாரன் அடித்தார். ரிப்பேர் ஆகியிருந்ததால் மூன்றோடு நின்றது.

"ஏறிட்டாரா லா?"

"ஏறிட்டாரு. கொஞ்சம் நில்லு." ஐயாவு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். சீட்டுக்கு முன்னால் நின்று, குரலைத் தாழ்த்தி, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, பெரியவரே. எனக்குக் காலு முடியல. கொஞ்சம் ஜன்னலோரமா தள்ளி உக்காந்துக்கிறீங்களா?"

மாக் லிஜா எட்டிப் பார்த்தார். ஆ சோங் செருப்பின் நுனியில் நின்று பார்த்தார். காளியம்மா இலைக்கட்டைத் தாண்டி முன்னால் வந்து, சீட்டின்மேல் குனிந்து, வாங்கப் போகிற மாட்டைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன் அந்தப் பெரியவரைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

"தள்ளிட்டாருடா," என்றார். "கொடையையும் அந்தப் பக்கம் மாத்திக்கிட்டாரு. உக்காரு."

ஐயாவு சுருட்டை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். டிக்கெட் பையை மடிக்கு மாற்றினார். ஆர்விக் வளைவிலிருந்து கோலா சிலாங்கூர் வரை, அந்தச் சீட்டின் பாதியில், அவர் உட்கார்ந்துகொண்டு போனார்.